முன்பக்கம் மட்டும் மின்னும் உடை: ஹட்டன் நடன வாடகைக் கடை, கோயிலுக்கு எவ்வளவு உதவும்?

இலங்கை மலையகத்து ஹட்டன் நகரில் பரதநாட்டிய உடை, நகை, சலங்கை, ஆரத்தித் தட்டு எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் மாடிக் கடை ஒன்று. பாடசாலைக் கலைவிழாவுக்கு உடை தேடி அலைந்தவர்களுக்கு வழி தெரியும். திருவிழா, முதல் நன்மை (பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள்), பொங்கல் பூசை என்று வந்தால் சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களின் கிறிஸ்தவக் கோயில்களும் இப்போது அங்கேதான் ஏறுகின்றன. கேட்டால் நடன டீச்சரையும் அனுப்பிவைக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் துணிக்குத் தாராளமாகப் போகலாம். சலங்கையை எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டும். தட்டும் கற்பூரமும் வேண்டவே வேண்டாம். டீச்சரிடம் முதல் நாளே பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும்.

கடையின் சரக்கு மட்டமில்லை. ஆனால் அங்கே இருப்பது அத்தனையும் மேடைக்கென்று செய்தது. மேடையில் சனம் எதிரே உட்கார்ந்திருக்கும். பூசையில் காணிக்கைப் பொருட்களைப் பீடத்துக்குக் கொண்டுபோகும் காணிக்கைப் பவனியில் ஆடும் பிள்ளை பீடத்தைப் பார்த்து நடக்கும், சனம் பார்ப்பது அதன் முதுகை. இந்த ஒரு வித்தியாசம் உடையிலிருந்து அடவு (அடிப்படை ஆட்ட அசைவு) வரைக்கும் எல்லாவற்றிலும் இடிக்கிறது.

முதலில் உடை. ஒரு செட்டில் ரவிக்கை, மேலாக்கு, கால்சட்டை, முன்விசிறி, இடுப்பைச் சுற்றும் பின்துண்டு என்று ஐந்து உருப்படி வரும். விசிறி மடிப்பைத் தைத்தே வைத்திருக்கிறார்கள், அயன் செய்யவும் தெரிகிறது. முழங்காலை வெளிப்புறமாக மடக்கி அரைமண்டி போட்டால் பூ மலர்வது மாதிரி விரியும். பின்துண்டைத் திருப்பிப் பாருங்கள். பாதி செட்களில் அது கரை இல்லாத வெறும் துண்டு. ரவிக்கையின் முதுகில் கொக்கி நாலில் இரண்டுதான் இருக்கும், மலைநாட்டு ஈரத்தில் துருப்பிடித்து துணியில் செம்மண் நிறத்தில் கோடு இழுத்திருக்கும். மிச்சத்தை சேஃப்டி பின் குத்தி ஒப்பேற்றுகிறார்கள். மேடையில் அதை யாரும் பார்க்கப் போவதில்லை. கோயிலில் கடைசி வாங்கு வரைக்கும் அந்தப் பின்தான் பளபளக்கும். எனவே செட் எடுக்கும்போது பின்பக்கத்தை முதலில் பார்த்து, கரை வைத்த பின்துண்டு உள்ளதை மட்டும் ஒதுக்கச் சொல்லுங்கள். கொக்கிகளை நீங்களே மாற்றித் தைத்துக்கொள்வதாகச் சொன்னால் கடைக்காரர் மறுப்பதில்லை.

அளவை வயதால் எழுதி வைத்திருக்கிறார்கள்: 6–8, 9–11, 12–14. அதை நம்பி எடுத்தால் பாதிப் பிள்ளைகளுக்கு நீளம், பாதிக்கு இறுக்கம். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, தோளிலிருந்து இடுப்பு வரை என்று இரண்டு அளவையும் எழுதிக்கொண்டு போனால் போதும். கால்சட்டை கணுக்காலுக்கு மூன்று அங்குலம் மேலேயே நிற்க வேண்டும். கோயிலில் பீடத்துக்கு ஏற இரண்டு மூன்று படி இருக்கும். கையில் பூத்தட்டு இருக்கிற பிள்ளைக்குப் படி தெரியாது, துணி காலில் மாட்டினால் பிடித்துக்கொள்ளக் கையும் கிடையாது. புடவை மாதிரி சுற்றித் தைத்த செட்டும் கடையில் இருக்கிறது, பார்க்க அழகுதான், படி ஏறுவதற்கு ஆகாது.

தொடைத் தையலையும் இழுத்துப் பார்க்கவும். மேடை ஆட்டத்தில் முழங்கால் போடுவது எப்போதாவது ஒரு தடவை. கோயிலில் பவனி முடியும் இடமே முழங்கால்தான், எழும்பும்போது அந்தத் தையல் பிரியும். முதல் நாளே உட்பக்கமாக இன்னொரு ஓட்டு ஓட்டிவிட்டால் கவலையில்லை. குளிரும் கணக்கில் வரவேண்டும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் காலை ஏழு மணிப் பூசை என்றால் பிள்ளைகளுக்கு உள்ளே முழுக்கை பனியன் போடாமல் விட முடியாது. கடை ரவிக்கைகள் உடம்போடு ஒட்டியவை, பனியனுக்கு மேல் கொக்கி எட்டாது. ஆகவே ரவிக்கை மட்டும் ஓர் அளவு பெரிதாக எடுங்கள். பனியனின் நிறம் ரவிக்கையோடு ஒத்துப்போகட்டும். தோல் நிற பனியன் மேடை வெளிச்சத்துக்குச் சரி, பகல் வெளிச்சத்தில் நோய்க்காரப் பிள்ளை மாதிரித் தெரியும்.

நிறத் தெரிவில் கடை உதவாது. கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கருஞ்சிவப்பு என்று எதையும் எடுத்து நீட்டுவார்கள். பாஸ்காவுக்கும் (உயிர்ப்புப் பெருவிழா) கிறிஸ்து பிறப்புக்கும் வெள்ளை, தூய ஆவி பெருவிழாவுக்குச் சிவப்பு, ஆண்டின் பொதுக்காலத்துக்குப் பச்சை என்று பூசை உடுப்பின் நிறத்தோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது. கட்டாயம் ஒன்றும் இல்லை, ஆனால் சிவப்பு உடுப்பில் நிற்கும் பாதருக்கு முன்னால் பன்னிரண்டு கிளிப்பச்சை கண்ணை உறுத்தும். பொன் கரை போட்ட வெள்ளை செட் கடையில் குறைவு, முதல் நன்மைக் காலத்தில் எல்லாப் பங்கும் அதைத்தான் கேட்கும். ஒரு மாதம் முந்தியே சொல்லிவைக்க வேண்டும். தவக்கால நிறமான ஊதாவைத் தேடி அலைய வேண்டாம். தவக்காலத்தில் பீடத்துக்குப் பூவே வைப்பதில்லை, வாத்தியமும் பாட்டைத் தாங்கிப் பிடிக்க மட்டும்தான். அந்த நாட்களில் நடனத்துக்கு என்ன வேலை?

சலங்கைக்கு வருவோம். கடை கேட்காமலே கொடுப்பது ஐந்து வரிசை, காலுக்கு 50 மணி. பன்னிரண்டு பிள்ளைகள் என்றால் 1,200 மணி. தகரக் கூரையும் சீமெந்துச் சுவரும் உள்ள தோட்டக் கோயிலில் அது பாட்டை விழுங்கிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, ஆட்டம் நின்ற பிறகும் சத்தம் நிற்காதது. பாதர் காணிக்கை மன்றாட்டைச் சொல்லிக்கொண்டிருப்பார், குளிரில் ஒரு பிள்ளை கால் மாற்றி வைக்கும், ‘சலக்’ என்று கேட்கும். அடுத்த பிள்ளை சிரிக்கும். முன்னால் போகும் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் ஒற்றை வரிசைச் சலங்கை கட்டுங்கள், மற்றவர்களுக்கு வெறுங்கால் போதும். தாளம் கேட்க வேண்டுமென்றால் பாடகர் குழுவில் ஒருவர் கையில் ஒரு சோடி ஜால்ரா கொடுத்துவிடலாம்.

எடுக்கிற சலங்கையையும் சோதிக்க வேண்டும். தோல் பட்டையில் நூலால் தைத்தவைதான் அதிகம், நூல் ஈரத்தில் இற்றுப்போயிருக்கும். ஒவ்வொரு மணியையும் விரலால் இழுத்துப் பாருங்கள். நடுவழியில் விழும் மணி பின்னால் வரும் வெறுங்காலுக்குக் கீழே போய்விடும். கம்பி வைத்துக் கட்டியவை இன்னும் மோசம், கம்பி முனை கணுக்காலைக் கீறும். ஆட்டிப் பார்த்தால் சில மணிகள் ‘டொக் டொக்’ என்று அடைத்த சத்தம் போடும். உள்ளே இருக்கும் இரும்புக் குண்டு துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம், எவ்வளவு மினுக்கினாலும் திரும்பாது. வெல்க்ரோ பட்டை கட்டச் சுலபம், ஆனால் கழற்றும்போது துணி கிழிவது மாதிரிச் சத்தம் வரும். பூசை நடுவில் கழற்றுவதாக இருந்தால் நாடா வைத்ததே மேல். தோலின் உட்பக்கத்தில் வெள்ளைப் பூஞ்சணம் படிந்திருந்தால் வேண்டாமென்று வைத்துவிடுங்கள், பிள்ளைகளின் காலுக்குச் சொறி வரும்.

நகைப் பெட்டியில் நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, மாட்டல், ஜிமிக்கி, அட்டிகை, நீளமாலை, வங்கி, ஒட்டியாணம், ராக்கொடி, குஞ்சலம் என்று முழுக் குடும்பமும் இருக்கும். கோயிலுக்கு ஜிமிக்கி, அட்டிகை, ஒட்டியாணம் மூன்றும் தாராளம். நீளமாலைப் பதக்கத்தில் லட்சுமி உருவம் உள்ளவை பல. அது இன்னொரு வழிபாட்டுக்கு உரிய சின்னம். அதைச் சோடனைக்கென்று இங்கே கொண்டுவருவது இரண்டு பக்கத்துக்கும் மரியாதையில்லை. மாங்காய் வேலைப்பாடு என்று கேளுங்கள், அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும். பொட்டு விஷயத்தில் சபைக்குச் சபை வழக்கம் வேறு, பாதரிடமோ போதகரிடமோ கேட்டுக்கொள்வதுதான் வழி. பாதத்துக்குச் செம்பஞ்சுக் குழம்பு இலவசமாகத் தருகிறார்கள். விரல் நுனியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளங்காலில் பூசினால் மலைக் குளிரில் காயவே காயாது, பீடத்துக் கம்பளத்தில் பன்னிரண்டு சோடி செந்தடம் பதிந்துவிடும். அது சவர்க்காரத்துக்கு இளகுகிற சாயமில்லை.

இனி ஆரத்தித் தட்டு. கடையில் கடுமையாகக் குறை சொல்ல வேண்டியது இதைத்தான். கனமான பித்தளைத் தட்டில் ஐந்து திரி விளக்கு, நடுவில் கற்பூரக் கிண்ணம், கூடவே ஒரு சின்னப் போத்தல் தேங்காய் எண்ணெய். மேடையில் இரண்டு நிமிடம் காட்டிவிட்டு இறங்குகிற பெரிய பிள்ளைக்குச் சரி. பத்து வயதுப் பிள்ளை நடுவழி முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு ஆடினால் மணிக்கட்டு தளரும், தட்டு சாயும், எண்ணெய் வழியும். கற்பூரத் தீ ஓர் அடிக்கு எழும். உடைத் துணியோ பட்டு மாதிரித் தெரியும் பொலியெஸ்டர். தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: பட்டு என்றால் தலைமயிர் கருகுகிற வாடை வந்து சாம்பல் விரலில் பொடியும், பொலியெஸ்டர் என்றால் உருகிக் கறுத்த மணியாக இறுகும். அது பிள்ளையின் தோலில் ஒட்டினால் உரிக்கத்தான் வேண்டும். சடையில் வைக்கும் நைலோன் சவுரியும் அதே சாதி.

தேங்காய் எண்ணெயில் இன்னொரு கூத்து. ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும். நுவரெலியாக் காலையில் போத்தலுக்குள்ளேயே மெழுகாக நிற்கும், விளக்கில் ஊற்றி வைத்தாலும் திரி உறிஞ்சாது. முகவுரை முடிவதற்குள் ஐந்தில் மூன்று அணைந்திருக்கும். எண்ணெய் மட்டம் என்று கடையைத் திட்டுவார்கள், பாவம் அது குளிரின் வேலை. நல்லெண்ணெய் இந்தக் குளிரிலும் உறையாது. அகலில் பாதிக்கு மேல் ஊற்றாமல், திரியைக் கால் அங்குலம் மட்டும் வெளியே விட்டால் சுடர் அடங்கி எரியும். தட்டை வளர்ந்த ஒருவர் பிடிக்கட்டும், ஈரத் துவாயோடு இன்னொருவர் பக்கத்தில் நிற்கட்டும். பிள்ளைகளுக்குப் பூத்தட்டு போதும்.

டீச்சர் சேவை கலவையானது. வருபவர் அடவு சுத்தமானவர், பிள்ளைகளை அதட்டாமல் வேலை வாங்குபவர். ஆனால் பழக்குவது மண்டபத்தில், சனத்தைப் பார்த்தபடி. அந்த வரிசை கோயிலில் இடம் வலமாகப் புரண்டு போகும், சிரித்த முகபாவம் எல்லாம் சுவரைப் பார்க்கும். பீடத்தைப் பார்த்து நின்றால் முதுகும் கையும்தான் பேச வேண்டும். எனவே தலைக்கு மேல் உயரும் கை, பக்கவாட்டில் விரியும் கை, தோளின் சாய்வு ஆகியவற்றை வைத்து அமைக்கச் சொல்லவும். நாலு வகுப்பில் குறைந்தது இரண்டு கோயிலுக்குள்ளேயே நடக்கட்டும்.

முத்திரையிலும் ஒரு சொல். அவசரத்தில் புல்லாங்குழல் பிடிக்கும் கையையே இயேசுவுக்கு வைத்துவிடுகிறார்கள். கிறிஸ்தவக் கருத்துகளுக்கென்று முத்திரை வகுத்தவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் பிரான்சிஸ் பார்போசா அதற்குப் பேர்போனவர், திருச்சியில் 1977இல் தொடங்கிய கலைக்காவிரி இந்த வழியில் ஒரு தலைமுறையையே பழக்கியிருக்கிறது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் அஞ்சலியும் புஷ்பபுடமும் காணிக்கைக்கு அளந்து தைத்தது மாதிரிப் பொருந்தும். இரண்டு கையையும் சேர்த்துப் பூவேந்தும் புஷ்பபுடத்தில் வெறுங்கையே காணிக்கைத் தட்டாகிவிடுகிறது.

கோயிலில் ஆடலாமா என்ற கேள்வியைக் கடையில் யாரும் கேட்பதில்லை, பங்குச் சபையில் கேட்பார்கள். விவிலியத்தில் 149ஆம், 150ஆம் திருப்பாடல்கள் நடனத்தோடு போற்றச் சொல்கின்றன. செங்கடல் தாண்டியதும் மிரியாம் கஞ்சிரா எடுத்துப் புறப்பட, பெண்கள் ஆடிக்கொண்டு பின்னால் போனார்கள். உடன்படிக்கைப் பேழை ஊருக்குள் வந்தபோது தாவீது அதற்கு முன்னால் ஆடினார். இரண்டும் பவனியில் போனபடி ஆடியவை. (பவனி உடையைப் பற்றிய பழைய புகாரும் அங்கேதான்: ஏபோத்து என்ற குருக்களின் நார்த்துணி அங்கியோடு ஆடித் தாவீது உடம்பைக் காட்டிவிட்டார் என்று மனைவி மீகால் ஏசினாள்.) கத்தோலிக்கத் திருச்சபையில் 1975இல் வத்திக்கான் வழிபாட்டுத் துறையின் இதழில் வந்த குறிப்பு, நடனம் கேளிக்கையோடு ஒட்டிப்போன மேற்கத்தியப் பண்பாட்டில் அதை வழிபாட்டுக்குள் கொண்டுவர முடியாது என்றது, சமய உணர்வை நடனத்தால் வெளிப்படுத்தும் பண்பாடுகளை அப்படி ஒதுக்கவில்லை. 1994இல் வந்த உரோமை அறிவுறுத்தலின் 42ஆம் பத்தி நிபந்தனையையும் சொல்லிவிட்டது: சமூகமாகச் செய்யும் உண்மையான செபத்தின் வெளிப்பாடாக இருக்க வேண்டும், வெறும் காட்சியாக இருக்கக் கூடாது. 1988இல் அனுமதி பெற்ற, அன்றைய சயீர் (இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டுத் திருப்பலி முறையில் பீடத்தைச் சுற்றி ஆடுவதே முறையின் பகுதி. நம்மூரில் நடைமுறை இலகுவானது. வருகைப் பவனி, நற்செய்தி நூலைக் கொண்டுவருதல், காணிக்கை, நன்றிப் பாட்டு ஆகிய இடங்களில் ஆடலாம். வாசகம், நற்கருணை மன்றாட்டு, நன்மை வாங்கும் நேரம் இவற்றைத் தொடாதீர்கள். முடிந்ததும் சனம் கைதட்டினால் எங்கோ பிழை நடந்திருக்கிறது.

நடுவழியை அளக்காமல் டீச்சரைக் கூப்பிட வேண்டாம். தோட்டக் கோயிலில் அது ஐந்தடி அகலம் இருந்தால் பெரிது. நாட்டியாரம்பத்தில் கையை விரிக்கும் பிள்ளைக்கு ஏறக்குறைய தன் உயரத்தளவு இடம் வேண்டும், நாலரை அடி. இரண்டு இரண்டாக வந்தால் ஒன்பது அடி. வாங்கில் இருப்பவர்களின் முகத்தில்தான் கை போகும். ஆகவே இரட்டை வரிசை என்றால் கை மார்புக்கு முன்னாலேயே இருக்கட்டும், விரிப்பதை பீடத்தின் முன்வெளிக்கு வைத்துக்கொள்ளலாம். நீளம் அறுபது அடி என்று எடுத்துக்கொண்டால் கணக்கு இப்படி: ஆதி தாளத்தின் ஒரு முழுச் சுற்றான ஆவர்த்தனத்தில் எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை), அதற்குள் நாலு காலடி, ஒரு காலடிக்கு ஓர் அடி தூரம், ஆகப் பதினைந்து ஆவர்த்தனம். நிமிடத்துக்கு 80 அட்சர வேகத்தில் ஒன்றரை நிமிடம். மூன்றரை நிமிடக் காணிக்கைப் பாட்டில் மிச்சம் இரண்டு நிமிடம், காணிக்கை கையளிக்கவும் ஒதுங்கி நிற்கவும் சரியாக இருக்கும். கடை தரும் பென்டிரைவ் பாட்டை நம்பினால் மின்சாரம் போகும் அன்று எல்லாம் போகும். பாடகர் குழு நேரில் பாடட்டும். அவர்கள் மூன்றாம் சரணத்தில் ஓட ஆரம்பிப்பார்கள், ஜால்ராக்காரர் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

தரையைப் பற்றி: சிவப்புச் சீமெந்துத் தரைக்குத் திருவிழா வாரத்தில் பொலிஷ் போடுவது வழக்கம். நடுவழிக்கு மட்டும் அந்த வாரம் வேண்டாம். பூவிதழ் தூவுவதையும் கடைசி வரிசைப் பிள்ளைகளிடம் விடுங்கள், முன்னால் தூவினால் பின்னால் வருபவர்கள் அதன் மேல் வழுக்குவார்கள்.

கடையில் சாயம் பூசிய குட்டிக் கொழுந்துக் கூடைகளும் இருக்கின்றன. பொம்மை மாதிரி. தோட்டத்தில் ஒரு வீட்டில் கேட்டால் மெய்யான கூடையே வரும், அதில் பறித்த கொழுந்து வைத்துக் கொடுத்தால் அதுதான் காணிக்கை. பனி ஈரம் சொட்டாமல் ஒரு மணி நேரம் துணியில் பரப்பிவிட்டுக் கட்டுங்கள். கோலாட்டக் கம்பும் வாடகைக்கு உண்டு. கும்மியும் கோலாட்டமும் வட்டமாக ஆடுபவை, வாங்கு நடுவே வட்டம் எங்கே போடுவது? பொங்கல் பூசை முடிந்து முற்றத்துக்கு வந்ததும் தப்பு மேளச் சத்தத்தோடு ஆடினால் ஊரே சேரும், வாடகை உடையும் வேண்டியதில்லை.

வாடகைத் தொகையை எழுதிப் பயனில்லை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. கேட்க வேண்டியது நாள் கணக்கு. சனிக்கிழமை எடுத்துத் திங்கட்கிழமை கொடுத்தால் ஒரு நாளா மூன்று நாளா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாயால் ஒன்று சொல்லி, முற்பணத்தில் வேறு கணக்குக் கழிப்பது இங்கே அடிக்கடி வரும் மனஸ்தாபம். எடுக்கும்போதே நகையை உருப்படி வாரியாக எண்ணி, ஏற்கெனவே விழுந்த கற்களைக் கடைக்காரர் முன்னால் படம் எடுத்துவையுங்கள். உடையைக் கழற்றியதும் பையில் திணிக்காதீர்கள். வியர்வை ஈரத்தோடு ஒரு இரவு கிடந்தால் கருஞ்சிவப்பு மேலாக்கின் சாயம் வெள்ளைக் கரையில் ஏறிவிடும், அந்தச் செலவு உங்கள் தலையில். ஆடி மழைக் காலத்தில் வெயிலை எதிர்பார்க்க முடியாது. அடுப்படிச் சூட்டில் கொடி கட்டி, புகை படாத தூரத்தில் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு, சலங்கைத் தோலைக் கடதாசியில் சுற்றிக் கட்டி வைத்தால் திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு எல்லாம் காய்ந்திருக்கும்.